பன்னிரண்டு வோல்ட்

பூங்கோதையம்மாவின் கூடத்துக்குக் கேள்வியோடு வருகிறவர்கள் உண்டு, பதிலோடு வருகிறவர்களும் உண்டு. மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருக்கும் நாச்சிமுத்து அந்த ஞாயிற்றுக்கிழமை பதிலோடுதான் வந்தார். அம்மா அதற்குத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று, அம்மாவுக்கு நாற்பத்தைந்து. எட்டு வயது இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் நாச்சிமுத்துவுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. தன் பணிவைத் தானே மெச்சிக்கொள்ள அது ஒரு வசதி. தாராபுரத்தில் ஓடாமல் நின்றுபோன அரிசி ஆலையின் பக்கத்துக் கொட்டகைதான் கூடம். தகரக் கூரை, நான்கு மின்விசிறி, பின்னால் ஒரு சமையலறை. ஞாயிறு காலையில் இருபது பேர் வருவார்கள். பேசாமல் உட்காருவார்கள், ஏதாவது கேட்பார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஒன்பது வருடமாக நாச்சிமுத்து ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

அன்று எல்லாரும் பாயில் உட்கார்ந்து முடிக்கும் வரைகூட அவரால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, பெத்தவனுக்கு அவன் வீட்டுல ஒரு பூட்டுப் போட உரிமை இல்லீங்களா?"

"எதைப் பூட்டுனீங்க?"

"வைஃபையைங்க."

முன்வரிசையில் ஒருவர் இருமினார். அது சிரிப்பை மறைத்த இருமல் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. உடனே அவர் முழுக் கதையையும் எடுத்துவிட்டார். அவர் சொன்ன வேகத்தில் சொன்னால் யாருக்கும் புரியாது, நாம் கொஞ்சம் நிதானமாகவே சொல்வோம்.

அவருக்கு ஒரே மகள், மதிவதனி. பிளஸ் டூ படித்தாள். ஜனவரியில் ஒரு நாள் அவளே அப்பாவிடம் வந்தாள். புத்தகத்தைத் திறந்தால் கை தானாகக் கைபேசிக்குப் போகிறது, என்னால் நிறுத்த முடியவில்லை, நீங்கள் நிறுத்துங்கள் என்றாள். காலை ஐந்து முதல் எட்டு, மாலை ஆறு முதல் ஒன்பது, தேர்வு முடியும் வரை வீட்டில் வைஃபை இருக்கக் கூடாது, நான் அழுதாலும் போடாதீர்கள் என்றாள். இப்படித் தானாக வந்து கேட்கிற பிள்ளை எத்தனை வீட்டில் கிடைக்கும்? நாச்சிமுத்து பூரித்துப்போனார்.

அவள் வாய்வார்த்தையோடு விடவில்லை. மின்வாரியக்காரர் மகள் அல்லவா, லைன் கிளியர் எழுதிக் கொடுத்தாள்.

லைன் கிளியர் என்பது விளையாட்டுக் காரியமில்லை. கம்பத்தில் ஆளை ஏற்றி வேலை செய்யப்போகிறவர் முதலில் துணை மின்நிலையத்தில் அதைக் கேட்க வேண்டும். இன்ன லைன், இன்ன வேலை, இன்ன நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் லைனை அணைப்பார்கள். அணைத்த சுவிட்சின் மேல் சிவப்பு அட்டை தொங்கும். ஆட்கள் இறங்கிவிட்டார்கள் என்று கேட்டவரே எழுதித் திருப்பிக் கொடுக்கும் வரை, அமைச்சரே வந்து நின்றாலும் அந்த லைனில் மின்சாரம் போகாது. நாச்சிமுத்துவின் முப்பது வருட வேலையில் அவர் பிரிவில் ஓர் ஆள் சாகவில்லை என்றால் அதற்கு அந்தத் தாள்தான் காரணம். கோயில் பிரசாதத்தைவிட மரியாதையாக அதைக் கையில் வாங்குவார்.

மதிவதனி நோட்டுத் தாளில் அதே பாணியில் எழுதினாள். லைன்: வீட்டு வைஃபை. வேலை: படிப்பு. கேட்பவர்: மதிவதனி. அப்பா கையெழுத்துப் போட்டார். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டினார். பிறகு வைஃபை பெட்டிக்கு மின்சாரம் போகும் பிளக்கை ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து, பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். பெட்டியின் மேல் தன் கையாலேயே ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார். 'ஆட்கள் வேலை செய்கின்றனர். மின்சாரம் கொடுக்காதே.'

மார்ச் கடைசியில் தேர்வு முடிந்தது. பூட்டு முடியவில்லை.

அந்த மூன்று மாதத்தில் நாச்சிமுத்து ஒரு ருசி கண்டுவிட்டார். மாலையில் வீடு அமைதியாக இருந்தது. மனைவி சரோஜினியும் மகளும் அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவர் எரிந்துபோன டிரான்ஸ்ஃபார்மர் கதையைச் சொன்னால் இருவரும் கடைசி வரை கேட்டார்கள். இருபது வருடத்தில் இப்படி நடந்ததில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதுதான் பிறகு நடந்தது. ஏப்ரலில் மாலை ஆறு மணி நான்கு மணியானது. மே மாதம் ஞாயிறு முழுவதும் பூட்டு. வைஃபை இருக்கும்போது எதற்கு என்று மனைவிக்கும் மகளுக்கும் அவர் டேட்டா போட்டுக் கொடுத்ததில்லை, ஆகவே அவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. சரோஜினி ஒரு நாள் வீடியோ பார்த்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பூண்டு வதக்கும் இடத்தில் படம் நின்றுபோயிற்று, அடுத்து என்ன போடுவதென்று தெரியாமல் கரண்டியோடு நின்றாள். அன்றைய குழம்பை அவரும்தான் சாப்பிட்டார். அவர் கைபேசியில் மட்டும் தனி டேட்டா ஓடியது. அது அலுவலக அவசரத்துக்கு. அலுவலக அவசரத்தில் கிரிக்கெட் ஸ்கோரும் சேர்த்தி.

மகள் மூன்று முறை கேட்டாள். நல்லாத்தானே இருக்கு என்று மூன்று முறையும் பதில் சொன்னார். அப்புறம் ஒரு மாலை வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பூட்டு பூட்டியபடி இருக்கிறது, அட்டை தொங்குகிறது, ஆனால் வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. மதிவதனி தன் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்து, பழைய அடாப்டர் வயரை வெட்டி வைஃபை பெட்டிக்கு மின்சாரம் கொடுத்திருந்தாள். ஆளுக்கொரு ஊரில் கல்லூரி சேரப்போகும் தோழிகளோடு வீடியோவில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நாச்சிமுத்துவின் குரல் தகரக் கூரையில் மோதியது.

"பேக் ஃபீட்டுங்கம்மா. அணைச்ச லைனுக்குப் பின்வழியாக் கரண்ட் குடுக்கறது. கம்பத்துல இருக்கறவன் அங்கயே கருகிப் போவான். பன்னெண்டு வோல்ட்டு பேட்டரிதானேன்னு சிரிக்கிறா. எத்தனை வோல்ட்டா இருந்தா என்ன? விதின்னா விதிதானுங்க. அட்டை தொங்குது, கண்ணு தெரியலயா?"

"கம்பத்துல யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லீங்க. ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்குதுல்லங்க."

"அவளை என்ன சொன்னீங்க?"

இதுவரை அருவி மாதிரி வந்த பேச்சு அங்கே தடுக்கியது. வானத்துக்கும் பூமிக்கும் குதித்ததைச் சொன்னவர், வயரைப் பிடுங்கி எறிந்ததைச் சொன்னவர், இதை மட்டும் விட்டிருந்தார்.

"கொலைகாரின்னு சொல்லிட்டேங்க."

கூடத்தில் யாரும் இருமவில்லை.

மறுநாள் காலை மதிவதனி ஒரு பையோடு உடுமலைக்குப் பேருந்து ஏறினாள், பெரியம்மா வீட்டுக்கு. பன்னிரண்டு நாளாக அப்பாவோடு பேச்சில்லை. வருகிற வியாழக்கிழமை கோவையில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். உடுமலையிலிருந்தே போய்க்கொள்கிறேன், அப்பா வழியனுப்ப வர வேண்டாம் என்று சரோஜினியிடம் சொல்லிவிட்டாள். சரோஜினி சமைக்கிறாள், பரிமாறுகிறாள், அவர் சொல்லும் டிரான்ஸ்ஃபார்மர் கதையைக் கேட்காமல் எழுந்து போகிறாள். வீடு முன்னைவிட அமைதியாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது நாச்சிமுத்துவுக்குத் துக்கம்தான் வந்தது. ஆனால் அவர் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டார். அது அவருக்குப் பழகிய காரியம்.

"சின்ன வயசுலருந்து இங்க வந்த புள்ளைங்க. உங்க பேச்சைக் கேப்பா. நீங்க போன்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. வரட்டும், செஞ்சது தப்புன்னு சொல்லட்டும். நானே கோயமுத்தூர் கொண்டு போய் விடறேன். ஆனா பூட்டு இருக்கும். நானாப் போட்ட பூட்டு இல்லீங்க அது. இதப் பாருங்க."

பர்சிலிருந்து மகள் எழுதிய தாளை எடுத்து நீட்டினார். பூங்கோதையம்மா வாங்கி வாசித்தார். முடித்துவிட்டுத் தாளைத் திருப்பினார்.

பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. மதிவதனி தேர்வு முடிந்த அன்றே எழுதிக் கொடுத்தது. நாச்சிமுத்து அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்தவர், அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தார். அம்மா அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"தேர்வு முடிந்தது. ஆட்கள், புத்தகங்கள், கருவிகள் எல்லாம் லைனிலிருந்து அகற்றப்பட்டன. லைன் திருப்பி ஒப்படைக்கப்படுகிறது. மதிவதனி. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து…" அம்மா நிறுத்தினார். "இந்த எடம் காலியா இருக்குதுங்க."

"அது விளையாட்டுக்கு எழுதுனதுங்க."

"முன்பக்கம்?"

"அது நிசமா கேட்டதுங்க."

அம்மா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"அந்த மூணாவது விசிறியில தூசி அப்பிக் கிடக்குது. தொடைச்சுப் போடலாம். யாராச்சும் ஏணி எடுத்துட்டு வாங்க."

நாச்சிமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்து வந்து நிற்கிறான், இவருக்கு விசிறித் தூசி பெரிதாகப் போயிற்று. ஒன்பது வருடம் இந்தப் பாயில் உட்கார்ந்ததற்கு இதுதான் பலனா என்று நினைத்தார். ஆனால் அம்மா விசிறியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் கால் வைத்ததும், கோபத்தை மீறி அவருக்குள் இருந்த பொறியாளர் எழுந்துவிட்டார்.

"இறங்குங்கம்மா. சுவிட்சை நம்பி ஏறக் கூடாது."

நேரே மெயின் போர்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினார். நான்கு விசிறியும் மெல்லச் சுற்றி நின்றன. சமையலறையில் கிரைண்டர் சத்தமும் அடங்கிற்று.

"கட்டை யார்கிட்ட இருக்கோணும்?" என்று அம்மா கேட்டார்.

"ஏர்றவங்ககிட்டங்க. அப்பத்தான் வேற யாரும் போட முடியாது."

அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். ஈரத்துணியால் மூன்று இறக்கையையும் துடைத்தார். பத்து நிமிடமாயிற்று. இறங்கி, ஏணியைச் சாய்த்து வைத்து, கை கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது. ஆளும் இறங்கியாச்சு, துணியும் இறங்கியாச்சு. நீங்க சொல்லுங்க இன்ஜினியர், என்னமோ கேட்டீங்களே."

"கட்டையைக் குடுங்க, போட்டுட்டு வந்து சொல்றேன்."

"இருக்கட்டும். நீங்க சொல்லுங்க."

கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அது காலண்டருக்குத்தான் தெரியும், தாராபுரத்து வெயிலுக்குத் தெரியாது. தகரம் காய்ந்து உள்ளே அனலை இறக்கியது. நாச்சிமுத்து மறுபடியும் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியத்துக்குள் அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசைப் பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டார். நிறைமாதமாக இருந்த ஒரு பெண் சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து ருக்குமணி எட்டிப் பார்த்தாள். கூடத்தில் சமைக்கிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"அம்மா, மசால் பாதியில நிக்குது. மோட்டாரும் ஓடலை, தொட்டியில தண்ணியில்லை. நான் எதை வெச்சுக் குழம்பு வெக்கறது?"

"கொஞ்சம் பொறு."

"பொறுக்கறேன். உங்களுக்கெல்லாம் பசி பொறுக்குமா?"

நாச்சிமுத்து பேச்சை நிறுத்தினார். "அம்மா, கட்டையைக் குடுத்துருங்க. எல்லாருக்கும் வேர்த்து ஊத்துது."

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்குது. விசிறிச் சத்தம் இல்லை. கூடம் அமைதியா இருக்குது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கறாங்க. நீங்க பேசறதக் கடைசி வரைக்கும் கேக்கறாங்க."

"அதுக்காக வெந்து சாகறதுங்களா?"

"பழகிப் போயிரும்."

சுவரோரத்துப் பெண் எழுந்து வாசலுக்குப் போக முயன்றாள், தலை சுற்றியதோ என்னவோ தூணைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போனார்கள். அதைப் பார்த்ததும் நாச்சிமுத்துவின் கோபம் கரை உடைத்தது. இது அவருடைய வீட்டுக் கோபம் இல்லை. முப்பது வருடமாக லைன்களுக்கு நடுவே நின்ற மனிதரின் கோபம். விறுவிறுவென்று மெயின் போர்டுக்குப் போனார்.

"ருக்குமணி, வயர் துண்டு ஏதாச்சும் கெடந்தாக் கொண்டா. கட்டையே வேண்டாம், நேராக் குடுத்துடறேன்."

"அது சரிங்களா?" என்று அம்மா இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"சரியில்லீங்க. தப்புத்தான். தெரிஞ்சேதான் செய்யறேன். குடுக்க வேண்டியவங்க குடுக்கலைன்னா வேற என்னங்க பண்றது?"

"ஏறினவ நான். கட்டை என்கிட்டத்தானே இருக்கோணும். நீங்கதானே சொன்னீங்க."

நாச்சிமுத்து திரும்பினார். அம்மாவிடம் ஒன்பது வருடத்தில் அவர் குரலை உயர்த்தியதில்லை, இன்று உயர்ந்தது.

"வேலை நடக்கற வரைக்குமுங்க. வேலை முடிஞ்சு ஆள் இறங்கி, முடிஞ்சுதுன்னு வாயால சொன்னதுக்கு அப்புறம் அந்தக் கட்டையை வெச்சுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஏறினவங்களுக்கும் இல்லை, அணைச்சவனுக்கும் இல்லை. திருப்பிக் குடுத்த அடுத்த நிமிசம் லைனைக் குடுத்தாகோணும். அமைதியா இருக்குது, எனக்கு நல்லா இருக்குதுன்னு ஒருத்தர் மடியில முடிஞ்சு வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரு பாதுகாப்பு இல்லீங்க, அக்கிரமம். ஊரே இருட்டுல கெடக்கும், இவரு அமைதியா இருப்பாராமா? முப்பது வருச சர்வீஸுல அப்படி ஒரு நிமிசம் நான் லைனைப் புடிச்சு வெச்சதில்லை. வெச்சவனை நான் சும்மா விட்டதும் இல்லை."

சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. ருக்குமணி வயர் துண்டோடு கதவோரம் நின்றிருந்தாள். அவள் மதிவதனியைச் சின்னப் பிள்ளையில் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தவள். வயரைக் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பூங்கோதையம்மா எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்தார். இன்னொரு கையில் இருந்த தாளை, பின்பக்கம் மேலே தெரியும்படி அவர் உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் கட்டையை வைத்தார்.

"நல்ல விதிங்க. எத்தனை வோல்ட்டுலருந்து ஆரம்பிக்குது, இன்ஜினியர்?"

நாச்சிமுத்து திரும்பிப் போர்டில் கட்டையைச் செருகினார். விசிறிகள் ஓடின, கிரைண்டர் கடகடத்தது. அவர் வந்து உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே, காற்றில் படபடத்த தாளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.